கிட்னி மாற்றிய பிறகு இரும்புச்சத்து குறைந்தால்: மாத்திரையா, டிரிப்பா, சும்மா விடுவதா?

மாற்று சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது, ஆனால் ஹீமோகுளோபின் ஏறவில்லை, இரும்புச்சத்தும் குறைவு என்று ரிப்போர்ட் வருகிறது. இரும்பு கொடுத்தால் கிருமிக்குத் தீனி போட்டதாகிவிடுமோ என்ற பயம் அப்போது பலருக்கும் வரும். பயம் நியாயமானதுதான். பாக்டீரியா, பூஞ்சை எல்லாம் வளர இரும்பு வேண்டும். தொற்று வந்ததும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரந்து, இரும்பு ரத்தத்துக்குள் வராமல் பூட்டுவதே அதற்காகத்தான். அதற்காக, குறைவாகவே இருக்கட்டும் என்று விட்டுவிடுவது பாதுகாப்பு ஆகாது. கிருமியை எதிர்க்கும் டி செல்கள் (ஒரு வகை வெள்ளை அணுக்கள்) பெருகவும் அதே இரும்புதான் வேண்டும், புதுச் சிறுநீரகத்தை அவை தாக்கிவிடாமலிருக்க அவற்றை ஏற்கெனவே மாத்திரை போட்டு அடக்கி வைத்திருக்கிறோம்.

ரிப்போர்ட்டில் ஃபெரிட்டினை (உடலில் சேமிப்பாக இருக்கும் இரும்பைக் காட்டும் எண்) மட்டும் பார்க்காதீர்கள். ஃபெரிட்டின் 600, டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்ற கணக்கு) 12 சதவீதம் என்று இருந்தால், முதல் எண் இரும்பு நிறைய இருப்பதுபோல் காட்டும். தொற்றோ அழற்சியோ இருந்தாலே ஃபெரிட்டின் எகிறும், அது இரும்பின் அளவை மட்டும் சொல்வதில்லை. சாச்சுரேஷன் 20-க்குக் கீழே என்றால் எலும்பு மஜ்ஜைக்குப் போய்ச் சேரும் இரும்பு போதவில்லை என்று அர்த்தம். இப்படி இரண்டு எண்ணும் முரண்பட்டால் இரும்பு ஏற்றும் முன் எங்காவது தொற்று ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், குறிப்பாக சிறுநீர்த் தொற்று.

மாத்திரையின் நல்ல பக்கம், இரும்பு மெதுவாகச் சேரும், ஒரேயடியாக ரத்தத்தில் கொட்டாது. கெட்ட பக்கம் மலச்சிக்கல், வயிற்றெரிச்சல். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு (மாற்று செய்தவர்களில் நிறைய பேர் சாப்பிடுகிறார்கள்) இரும்பு சரியாக உறிஞ்சப்படாது, அழற்சி இருந்தால் ஹெப்சிடின் குடல் வாசலையே மூடிவிடும். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மைக்கோஃபெனோலேட் மாத்திரையோடு சேர்த்துப் போடலாமா என்பதில் பழைய ஆய்வு ஒன்று எச்சரித்தது, பின்னால் வந்தவை அதை உறுதிப்படுத்தவில்லை. ஆனாலும் இடைவெளி விட்டுப் போடுவதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

டிரிப் வேகமானது, குடலைச் சார்ந்திராது. தொற்று பயம் இதில்தான் அதிகம். டயாலிசிஸ் நோயாளிகள் 2,141 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான பிவோட்டல் ஆய்வில், தாராளமாக இரும்பு ஏற்றியவர்களுக்குத் தொற்று கூடவில்லை. ஆனால் அவர்கள் மாற்று செய்துகொண்டு எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் அல்ல, அந்த முடிவை அப்படியே இங்கே ஒட்டிவிட முடியாது. இன்னொன்று, ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் வகை டிரிப் பாஸ்பேட்டைக் குறைக்கும். மாற்று செய்த புதிதில் பாஸ்பேட் ஏற்கெனவே சரிந்திருக்கும். ஏற்றும் முன்பும் பின்பும் அதையும் பார்க்க வேண்டும்.

ரத்தம் ஏற்றுவது கடைசி வழி, அது தானம் பெற்ற சிறுநீரகத்துக்கு எதிரான ஆன்டிபாடிகளைத் தூண்டிவிடலாம். சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் ஊசியும் இரும்பு இல்லாமல் சரியாக வேலை செய்யாது.

என் தேர்வு: குறைவு லேசாக இருந்து வயிறு தாங்கினால் மாத்திரை, உறிஞ்சப்படவில்லை, சாச்சுரேஷன் ரொம்பக் கீழே என்றால் டிரிப். ஆனால் காய்ச்சலோ, ஆன்டிபயாடிக் ஓடும் தொற்றோ இருக்கும்போது டிரிப் வேண்டாம், அது அடங்கட்டும். டிரிப்புக்குத் தேதி குறித்த பிறகு காய்ச்சல் வந்தால், போய்ப் படுக்கையில் படுத்த பிறகு சொல்லாமல் கிளம்பும் முன்பே டாக்டருக்கு போன் செய்துவிடுங்கள்.