ஏர்லைனா, தனியார் ஜெட்டா?

விமானிப் படிப்பு முடித்த சுங்கை சிப்புட் தம்பி ஒருவர், இரண்டில் எதில் வேலைக்குச் சேர்வது என்று தவிக்கிறார்.

நேரம்: ஏர்லைனில் அட்டவணை முன்பே வந்துவிடும். ஜெட்டில் முதலாளி கூப்பிட்டால், தீபாவளியானாலும் சுபாங் விமான நிலையத்துக்கு ஓட வேண்டும்.

வேலை: அங்கே பழகிய தடங்கள். இங்கே புதுப்புது ஊர்கள். ஆனால் பெட்டி தூக்குவதும் சில நேரம் விமானிதான்.

சங்கம்: எனக்கு இதுதான் பெரிது. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்ததால்தான் நம் தாத்தா பாட்டிகள் ஒரே குரலில் கூலி பேசினார்கள். ஏர்லைனில் சேர்ந்து பேச ஆள் உண்டு. சிறிய ஜெட் நிறுவனத்தில் நான்கைந்து விமானிகள்தான். நம் மலேசியச் சட்டப்படி சங்கம் பதிய 7 பேராவது வேண்டும். அமெரிக்காவில் நெட்ஜெட்ஸ் என்ற பெரிய தனியார் ஜெட் நிறுவனத்தின் விமானிகளுக்குத் தனிச் சங்கமே இருக்கிறது.

குடும்பஸ்தருக்கு ஏர்லைன். ஊர் சுற்றும் ஆசை என்றால் ஜெட், சரி. ஓய்வு நாட்களை மட்டும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள், தம்பி.