ஏ.எஸ்.ஏ.வா, ஏ.பி.ஏ.வா, அடிக்குறிப்பா? மதுரைப் பக்கத்து ஆய்வேட்டுக்கு எது தோது

சமூகவியல் ஆய்வேட்டில் சான்று காட்டும் முறையை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டால், "கைடு ஏ.பி.ஏ. போடச் சொன்னார்" என்பதுதான் பெரும்பாலும் வரும் பதில். கைடு சொன்னால் மறுபேச்சு இல்லை, போட்டுவிட வேண்டியதுதான். "உங்க இஷ்டம்மா" என்று அவர் விட்டுவிட்டால்தான் சிக்கல். என்னைக் கேட்டால், உங்கள் மேசையில் இருக்கும் சான்றுகள் எந்த வகை என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

போட்டியில் உள்ளவை மூன்று: அமெரிக்கச் சமூகவியல் சங்கத்தின் ஏ.எஸ்.ஏ., அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏ.பி.ஏ., சிகாகோ கையேட்டின் அடிக்குறிப்பு முறை. நவீன மொழிச் சங்கத்தின் எம்.எல்.ஏ. முறையை இலக்கியத் துறைக்கே விட்டுவிடலாம். அதில் வரிக்குள் ஆசிரியர் பெயரும் பக்கமும்தான் வரும், ஆண்டு வராது. ஒரு ஊரைப் பற்றிச் சொன்னது 1950-இலா 2010-இலா என்று தெரியாமல் சமூகவியலை வாசிக்க முடியாது.

நம்மூர் நூல் ஒன்றையே வைத்துப் பார்ப்போம். தொ. பரமசிவனின் 'அழகர் கோயில்' 1989-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. அதன் 40ஆம் பக்கத்தைக் காட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏ.எஸ்.ஏ.வில் (பரமசிவன் 1989:40). பெயருக்குப் பின் காற்புள்ளி கிடையாது, முக்காற்புள்ளிக்குப் பின் இடைவெளியும் கிடையாது. ஏ.பி.ஏ.வில் (பரமசிவன், 1989, ப. 40). சிகாகோவில் வரியின் மேல் ஒரு சின்ன எண், பக்கத்தின் அடியில் முழு விவரம்: தொ. பரமசிவன், அழகர் கோயில் (மதுரை: மதுரை காமராசர் பல்கலைக்கழகம், 1989), 40.

நூற்பட்டியலில் ஏ.பி.ஏ. ஆண்டை அடைப்புக்குறிக்குள் போடும், ஏ.எஸ்.ஏ. இரண்டு முற்றுப்புள்ளிகளுக்கு நடுவே நிறுத்தும். அதெல்லாம் பழகிவிடும். எனக்கு உறுத்துவது வேறு. 2019-இல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து ஏ.பி.ஏ. பதிப்பித்த ஊரின் பெயரை எடுத்துவிட்டது. 2024-இல் வந்த சிகாகோ 18ஆம் பதிப்பும் ஊர்ப் பெயர் கட்டாயமில்லை என்கிறது. பெரிய நிறுவனங்களின் ஆங்கில நூல்களுக்கு அது சரி. ஒரு கோயிலின் தலவரலாறோ ஒரு சமூகச் சங்கத்தின் மலரோ என்றால், அது மதுரையில் அச்சானதா சிவகாசியில் அச்சானதா என்பதே ஒரு தகவல்தான். அந்த ஊர்ப் பெயரை நான் விடமாட்டேன்.

அடுத்து, மறுபதிப்புகள். உசிலம்பட்டி வட்டாரத்தைப் பற்றி எழுதுகிற யாரும் பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோனைத் தொடாமல் போக முடியாது. பிரமலைக் கள்ளர்கள் பற்றிய அவருடைய நூல் பிரெஞ்சில் வந்தது 1957-இல், ஆங்கில மொழிபெயர்ப்பு 1986-இல். நம் கையில் இருப்பது ஆங்கிலம். (துய்மோன் 1986) என்று மட்டும் போட்டால், எண்பதுகளின் உசிலம்பட்டியை அவர் பார்த்து எழுதியதாக வாசகர் நினைத்துக்கொள்வார். அவருடைய களப்பணியோ 1950-ஐ ஒட்டியது. ஏ.எஸ்.ஏ.வில் இதை (துய்மோன் [1957] 1986) என்றும் ஏ.பி.ஏ.வில் (துய்மோன், 1957/1986) என்றும் எழுத வேண்டும். பார்த்ததும் புரிவது ஏ.எஸ்.ஏ.வின் சதுர அடைப்புதான், சாய்கோடு எதையோ வகுப்பது மாதிரி இருக்கிறது. 1906-இல் பிரான்சிஸ் எழுதிய மதுரை மாவட்ட கெசட்டியருக்கும் இதே கதைதான். மறுபதிப்பு ஆண்டை மட்டும் போட்டால் வெள்ளைக்கார அதிகாரி நேற்று எழுதிய மாதிரி ஆகிவிடும்.

ஆவணக்காப்பகத்துக்குள் போனால் ஆட்டமே மாறிவிடுகிறது. குற்றப் பழங்குடிகள் சட்டம், அதை எதிர்த்த கள்ளர்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த பெருங்காமநல்லூர் துப்பாக்கிச்சூடு என்று எழுதப் போனால் எழும்பூர் ஆவணக்காப்பகத்தில் உட்கார வேண்டியிருக்கும். அங்கே கிடைப்பது அரசாணைகள்: துறை, எண், நாள் உண்டு, ஆசிரியர் என்று ஒருவர் இல்லை. வரிக்குள் (சென்னை அரசாங்கம் 1920அ), (1920ஆ), (1920இ) என்று போய்க்கொண்டே இருந்தால் எது எந்த ஆணை என்று எழுதினவருக்கே மறந்துவிடும். இங்கே சிகாகோ அடிக்குறிப்புதான் கைகொடுக்கும். ஆணையின் எண், துறை, நாள் எல்லாம் அந்தப் பக்கத்திலேயே கண்ணில் படும். நூற்பட்டியலில் ஆவணத் தொகுப்பின் பெயரைப் போட்டால் போதும்.

களத்தில் எடுத்த பேட்டிகளுக்கு வருவோம். நேர்ப்பேச்சுகளைப் பட்டியலில் சேர்க்காமல் வரிக்குள் மட்டும் பெயரும் நாளும் போடும் வழி ஏ.பி.ஏ.வில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு, செக்கானூரணியில் பேட்டி கொடுத்த அம்மாவின் பெயரை ஊரோடு சேர்த்து அடைப்புக்குள் போடுகிறவர்கள் உண்டு. கூடாது. ஆய்வில் பங்கேற்றவர்களின் சொற்களை அப்படிக் காட்டத் தேவையில்லை என்று ஏ.பி.ஏ.வே தெளிவாகச் சொல்கிறது. 'ஐம்பது வயது மதிக்கத்தக்க பூ வியாபாரி' என்று வரியிலேயே சொல்லிவிட்டுப் போகலாம். எந்த முறையை எடுத்தாலும் இப்படித்தான்.

ஆக, கணக்கெடுப்பும் பேட்டியும் நூல்களுமாகப் போகும் ஆய்வுக்கு என் ஓட்டு ஏ.எஸ்.ஏ.வுக்கு. பாதிக்கு மேல் ஆவணம் என்றால் சிகாகோ அடிக்குறிப்பு. கைடோ ஆய்விதழோ கேட்டால் ஏ.பி.ஏ.

எதை எடுத்தாலும் சான்று விவரங்களை சொடேரோ (Zotero) மாதிரி ஒரு சான்று மேலாண்மை மென்பொருளில் முதல் நாளிலிருந்தே ஏற்றி வையுங்கள். பைண்டிங்குக்குக் கொடுக்கும் முந்தின நாள் கைடு மனம் மாறினாலும், ஆசிரியர்-ஆண்டு முறையிலிருந்து அடிக்குறிப்புக்கு அதுவே மாற்றிக் கொடுத்துவிடும். ஒன்றை மட்டும் கையால் சரிபார்க்க வேண்டும்: நம் பெயர்களின் முன்னெழுத்து. இணையத்திலிருந்து இறக்கும்போது சில சமயம் 'தொ.' குடும்பப் பெயர்ப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கவனிக்காமல் விட்டால் பரமசிவன் பட்டியலில் 'ப'வை விட்டு 'த' வரிசைக்குப் போய்விடுவார்.