பெங்களூருக்குக் குடி போகிறவர்கள் கவனத்துக்கு: பார்க்காத ஏரியாவை நம்பி 1,38,000 ரூபாய் போனது

நேற்று இரவு பெங்களூரிலிருந்து திருச்சிக்கு வந்த பஸ்ஸில் ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. காலையில் வந்து பிள்ளைகளுக்கு இட்லி ஊற்றிக் கொடுத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். கை இன்னும் நடுங்குகிறது. எங்கள் 1,38,000 ரூபாய் போய்விட்டது. என் கணவர் இரண்டு வருடம் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசு அது.

குடும்பத்தோடு வெளி மாநிலத்துக்குக் குடி மாறும்போது எந்த ஏரியாவில் வீடு பார்ப்பது என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். நடந்ததைச் சொல்லிவிட்டு, ஏரியா தேர்ந்தெடுக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

கணவருக்கு மார்ச்சில் மாற்றல் ஆர்டர் வந்தது. ஆபீஸ் பெல்லந்தூர் பக்கம், வெளிவட்டச் சாலையில். ஜூன் முதல் வாரத்துக்குள் சேர வேண்டும். மகள் ஏழாவது போகிறாள், மகன் ஒன்றாவது. மாமியாருக்கு இரண்டு முட்டியிலும் தேய்மானம், மாடி ஏறவே முடியாது. பெங்களூரை நான் இதற்கு முன் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பார்த்ததோடு சரி. ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர் ரோடு, எச்.எஸ்.ஆர் லேஅவுட், எலக்ட்ரானிக் சிட்டி என்று ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். எது எங்கே இருக்கிறது, எதிலிருந்து எதற்கு எவ்வளவு நேரம் என்று எனக்கு எதுவும் தெரியாது.

அந்த நேரத்தில்தான் போனில் ஒரு விளம்பரம் வந்தது. ஊர் மாறுகிற குடும்பங்களுக்கு ஏரியா, வீடு, பள்ளிக்கூடம் எல்லாம் பார்த்துக் கொடுக்கிற இணைய சேவை. பெயரை இங்கே எழுதவில்லை, புகார் கொடுக்கப் போகிறோம் என்பதால். இதே மாதிரி நாலைந்து இருக்கின்றன. 6,000 ரூபாய் கட்டினால் நமக்கென்று ஒரு மேனேஜரைக் கொடுப்பார்கள். கட்டினோம்.

மேனேஜராக வந்த பையன் தமிழில் பேசினான். முதல் வார்த்தையே "அக்கா, நல்லா இருக்கீங்களா". சேலம் பக்கம் சொந்த ஊர் என்றான். மாமியாரின் முட்டியைப் பற்றி அவனாகவே கேட்டான். "அம்மாவுக்கு கிரவுண்ட் ஃப்ளோர்தான் பார்க்கணும் அக்கா, லிப்ட் இருந்தாலும் கரண்ட் போனா கஷ்டம்" என்றான். இப்படி யோசித்துப் பேசுகிற பையனை எப்படிச் சந்தேகப்படுவது? மூன்று வாரம் தினமும் பேசினான். என் தம்பியைவிட அதிகமாக அவனோடுதான் அந்த மூன்று வாரமும் பேசியிருப்பேன்.

ஏப்ரல் கடைசியில் ஒரு வீட்டின் வீடியோ அனுப்பினான். வர்த்தூர் தாண்டி குஞ்சூர் போகிற வழியில் ஒரு சந்துக்குள் தரைத்தள வீடு. வாடகை 32,000, ஐந்து மாத அட்வான்ஸ். ஆபீஸ் இருபது நிமிடம், பள்ளிக்கூடம் பத்து நிமிடம், மெட்ரோ பக்கத்தில் என்றான். நான் கேட்டது ஒன்றே ஒன்று. தண்ணீர் எப்படி? 2024 கோடையில் பெங்களூரில் போர்வெல் வற்றிப்போய், டேங்கர் கிடைக்காமல் ஜனங்கள் குடத்தோடு நின்றதை எல்லோரும் டிவியில் பார்த்தோமே, அந்தப் பயம் எனக்கு இருந்தது. அடுத்த நிமிடமே வீடியோ காலில் வந்து சமையலறைக் குழாயைத் திறந்து காட்டினான். தண்ணீர் கொட்டியது. "காவிரித் தண்ணி அக்கா. உங்க ஊருக்கு வர்றதுக்கு முன்னாடி எங்க ஊருக்கு வருது" என்று சிரித்தான்.

நான் ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவள். ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபத்தில் முளைப்பாரி விட்டவள். காவிரி என்று ஒருத்தன் சொன்னதும் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை. அந்த ஒரு வார்த்தையில் மொத்தமாக நம்பிவிட்டேன். அதை நினைக்கும்போதுதான் பணம் போனதைவிட வயிறு எரிகிறது.

அன்று மாலையே "இன்னொரு பார்ட்டி ஆறு மணிக்கு வீடு பார்க்க வர்றாங்க அக்கா, டோக்கன் போட்டுட்டா நான் நிறுத்தி வச்சிடறேன்" என்றான். 32,000 அனுப்பினோம். மறுநாள் அட்வான்ஸில் 1,00,000. மிச்சம் 28,000 சாவி வாங்கும்போது. டோக்கன் போன யுபிஐ கணக்கு கம்பெனி பெயரில் இல்லை, ஒரு தனி ஆள் பெயரில் இருந்தது. கேட்டதற்கு "ஓனரோட தம்பி அக்கவுண்ட்" என்றான். சரி என்றோம். இரவு பதினொரு மணிக்கு ஒன்பது பக்க ஒப்பந்தம் வந்தது, முழுக்க ஆங்கிலம். ஆதார் ஓடிபி போட்டுக் கையெழுத்து முடித்துவிடச் சொன்னான். கணவர் இரவு ஷிப்டில் இருந்தார். போனிலேயே ஓடிபி சொன்னார். ஆறு மாதத்துக்குள் காலி செய்தாலோ குடி வராமல் போனாலோ அட்வான்ஸ் திரும்பக் கிடைக்காது என்று ஏழாவது பக்கத்தில் இருந்ததை அப்புறம்தான் பார்த்தோம்.

6,000, 32,000, 1,00,000. ஆக 1,38,000.

மே கடைசியில் சாமான் லாரி முன்னால் போக, நாங்கள் ரயிலில் போய் இறங்கினோம். கன்டோன்மென்ட்டிலிருந்து கார் பிடித்தோம். பனத்தூர் ரயில்வே பாலத்துக்கு முன்னாலேயே முக்கால் மணி நேரம் நின்றோம். மாமியார் காலை நீட்டக்கூட இடமில்லாமல் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போய்ச் சேரும்போது முந்தைய நாள் பெய்த மழைத் தண்ணீர் சந்து முனையில் அப்படியே நின்றது. மாமியாரைக் கணவர் தூக்கிக்கொண்டுதான் உள்ளே போனார்.

குழாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

எதிரே ஒரு தள்ளுவண்டியில் இஸ்திரி போடுகிற பெரியவர் இருந்தார். திருவண்ணாமலைக்காரர், முப்பது வருடமாக அங்கேதான். அவரிடம் கேட்டேன். "கார்ப்பரேஷன் தண்ணி எங்கம்மா வருது இங்க? சம்ப்ல டேங்கர் ஊத்துனா மேல ஏத்துவாங்க, அதுதான் குழாயில வரும். அதுக்கு மாசாமாசம் தனியா காசு பிரிப்பாங்க" என்றார். அந்த வீடியோவில் கொட்டியது டேங்கர் தண்ணீர். அவனும் தெரிந்துதானே காவிரி என்று சொன்னான்?

பிறகு விசாரித்ததில் புரிந்தது. 2007-ல் பெங்களூர் மாநகராட்சியோடு 110 கிராமங்களைச் சேர்த்தார்கள். அவற்றில் பல ஊரின் இந்தக் கிழக்கு ஓரத்தில் இருக்கின்றன. அந்தக் கிராமங்களுக்கென்று போட்ட காவிரி ஐந்தாம் கட்டத் திட்டமே 2024 அக்டோபரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. பைப் தெருவுக்கு வந்தாலும் அந்தந்த வீட்டுக்காரர் பணம் கட்டி இணைப்பு வாங்கினால்தான் வீட்டுக்குத் தண்ணீர். எங்கள் வீட்டுக்காரர் வாங்கவில்லை. மெட்ரோவும் அப்படித்தான். ஒயிட்ஃபீல்டு வரைக்கும் பர்ப்பிள் லைன் 2023-லேயே ஓட ஆரம்பித்துவிட்டது, உண்மை. ஆனால் அந்தச் சந்திலிருந்து ஸ்டேஷனுக்குப் போகவே நாற்பது நிமிடம் ஆனது.

பத்து நிமிடம் என்ற பள்ளிக்கூடத்துக்கு அங்கேயே ஓடுகிற வேனில் விசாரித்தோம். காலை ஆறே முக்காலுக்குப் பிள்ளைகள் ஏற வேண்டுமாம். "உங்க பொண்ணு கன்னடம் படிக்கவே வேணாம் அக்கா" என்றும் அவன் சொல்லியிருந்தான். பள்ளியில் கேட்டால், கன்னடம் கட்டாயம் உண்டு, அதற்கு 2015-லிருந்தே சட்டம் இருக்கிறது என்றார்கள். மகள் கன்னடம் படிப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, சந்தோஷம்தான். முன்கூட்டியே சொல்லியிருந்தால் இரண்டு மாதம் எழுத்தாவது கற்றுக்கொடுத்திருப்பேன்.

இஸ்திரிக்காரர் கடைசியாகச் சொன்னதுதான் என்னைக் கீழே உட்கார வைத்தது. "லாரியோட வந்து திரும்பிப் போற மூணாவது குடும்பம்மா நீங்க."

மூன்றாவது குடும்பம்!

அன்று மதியத்திலிருந்து அந்தப் பையன் போன் எடுக்கவில்லை. ராத்திரி ஒரு மெசேஜ்: "அக்கா மீட்டிங்ல இருக்கேன்." அதோடு சரி. மறுநாள் கஸ்டமர் கேரில் ஒரு பெண், அந்த மேனேஜர் வேறு டீமுக்குப் போய்விட்டதாகச் சொன்னார். புகார் எண் கொடுத்தார்கள், 48 மணி நேரத்தில் பதில் வரும் என்றார்கள். 48 மணி நேரம் கழித்து வந்த பதில், "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது." என்ன தீர்த்தார்கள்? மறுபடி அழைத்தால் புதிதாக ஒருவர், முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். ஐந்து பேரிடம் ஐந்து முறை சொன்னேன். கடைசியில் மெயில் வந்தது: நாங்கள் வீட்டு உரிமையாளரையும் வாடகைக்கு வருபவரையும் இணைத்து வைக்கும் தளம் மட்டுமே, ஏரியா பற்றிய தகவலுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று. ஏரியா பார்த்துச் சொல்வதற்குத்தானே 6,000 வாங்கினீர்கள்?

வீட்டுக்காரரிடம் போனோம். "என் கைக்கு வந்தது 1,00,000தான். குடி வராவிட்டால் அது வராது, ஒப்பந்தத்தைப் படியுங்கள்" என்றார். அவருக்குத் தம்பியே இல்லை. அப்படியானால் அந்த 32,000? தளத்தில் கேட்டால் அது டோக்கன் இல்லையாம், சர்வீஸ் சார்ஜாம். டோக்கன் என்று அவன் கைப்பட அனுப்பிய மெசேஜ் என்னிடம் இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனில், கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், இது சிவில் விஷயம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். என் கணவர் வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றார். கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

லாரியை இரண்டு நாள் நிறுத்தி வைத்த காசு, லாட்ஜ் காசு எதையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சாமான்கள் அவரோடு வேலை பார்ப்பவர் வீட்டு கராஜில் கிடக்கின்றன. கணவர் ஒரு பிஜியில் (சாப்பாட்டோடு மாத வாடகைக்குத் தங்கும் விடுதி) இருக்கிறார், நாங்கள் இங்கே திரும்பிவிட்டோம். பள்ளி திறக்கிற நேரத்தில் பிள்ளைகளுக்கு எந்த ஊரிலும் அட்மிஷன் இல்லை.

சரி, சொல்கிறேன் என்று சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

நேரில் போய் நிற்காமல் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள். வீட்டில் ஒருவராவது முதலில் போய் ஒரு மாதம் பிஜியில் தங்கிப் பார்க்கட்டும். தூரத்தை மேப்பில் பார்க்கும்போது திங்கள்கிழமை காலை எட்டரை மணிக்குக் கிளம்புவதாகப் போட்டுப் பாருங்கள். நான் ராத்திரி பிள்ளைகள் தூங்கியபின் பார்த்தேன், அவன் சொன்ன இருபது நிமிடம் அப்படியே காட்டியது.

தண்ணீர் வருகிறதா என்று கேட்காதீர்கள், தண்ணீர் போர்டு பில்லைக் காட்டச் சொல்லுங்கள். மழைக்கு மறுநாள் போய்ப் பாருங்கள். 2022 செப்டம்பர் மழையில் சர்ஜாபூர் ரோடு, பெல்லந்தூர் பக்கம் பெரிய பெரிய வீட்டுக்காரர்களையே டிராக்டரில்தான் வெளியே கொண்டுவந்தார்கள். தெருவில் இஸ்திரி போடுகிறவர், தண்ணீர் கேன் போடுகிறவரிடம் பேசுங்கள். எங்களுக்கு அந்தப் பெரியவர் இரண்டு நிமிடத்தில் சொன்னதை மூன்று வாரம் பேசியவன் சொல்லவில்லை.

இரவில் வரும் ஒப்பந்தத்தில் இரவிலேயே கையெழுத்துப் போடாதீர்கள். கம்பெனி பெயரில் இல்லாத கணக்குக்குப் பணம் போகக் கூடாது. ஏமாந்தது தெரிந்த அன்றே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழையுங்கள், என்னைப் போல் ஒன்பது நாள் அவர்கள் மெயிலுக்காகக் காத்திருக்காதீர்கள்.

ஒரு வக்கீல் அண்ணன் சொன்னது: 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம், பெங்களூருக்கு அலைய வேண்டியதில்லை. நாம் கொடுத்த பணம் 5,00,000 ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணமும் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-லும் புகார் பதிந்துவிட்டேன். நாளைக் காலை திருச்சி நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். அவன் அனுப்பிய மெசேஜ் எல்லாவற்றையும் மகள் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருக்கிறாள், அறுபத்தி மூன்று பக்கம் வந்திருக்கிறது.

இது போன்ற சேவையிடம் பணம் போட்டுத் திரும்ப வாங்கியவர்கள் யாராவது இருந்தால் எப்படி வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள். அந்தச் சந்துக்கு எங்களுக்கு முன்னால் லாரியோடு வந்து போன இரண்டு குடும்பமும் இதைப் படித்தால், தயவுசெய்து என்னைத் தொடர்புகொள்ளுங்கள். சேர்ந்து போய்க் கேட்போம்.