மாண்டரின் மீனுக்கு எந்த இரை, எந்தத் துணை: வேலூர் வீட்டுத் தொட்டியிலிருந்து ஓர் ஒப்பீடு

சென்னையிலிருந்து காட்பாடிக்கு ரயிலில், தெர்மகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மாண்டரின் என்னும் சிறு கடல்மீனில் என் முதலாவதைக் கொண்டுவந்தேன். "எதைப் போட்டாலும் சாப்பிடும் சார்" என்று கடையில் சொல்லியிருந்தார்கள். அது ஏழு வாரங்களில் இறந்தது. நிறம் கடைசி நாள் வரை மங்காததால் பட்டினி என்பது எனக்குப் பிடிபடவில்லை. பக்கவாட்டில் பார்க்காமல் மேலிருந்து பார்த்திருந்தால், தலைக்குப் பின்னால் உடல் ஒடுங்கிக்கொண்டே வந்ததைக் கண்டிருப்பேன். எனவே கீழே ஒப்பிட்டிருக்கும் எல்லா வழிகளையும் ஒரே ஓர் அளவுகோலால் அளக்கிறேன்: மேலிருந்து பார்க்கும்போது வயிறு உருண்டையாக இருக்கிறதா, இல்லையா.

மாண்டரின் ஒரே வேளையில் தின்றுவிட்டு நாளெல்லாம் தாங்கும் மீன் அன்று. பகல் முழுவதும் பாறையின் மேல் தத்தித் தத்தி நகர்ந்து, கண்ணைத் தனித்தனியே உருட்டி, ஓர் இடத்தை நிதானமாக நோட்டம் விட்டு, பிறகே ஒரு கொத்து கொத்தும். கொத்துவது பெரும்பாலும் கோப்பிபாட் எனப்படும் நுண்ணிய ஓட்டுயிரிகளை. ஆகவே தொட்டிக்குள்ளேயே இவற்றைப் பெருக்குவதுதான் இயல்பான முதல் வழி. இங்கே நம் நாட்டுக்கே உரிய ஒரு தடை உண்டு. கல்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், கோப்பிபாட் குடியிருக்கும் பவளப்பாறையை மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்து வந்து தொட்டியில் வைப்பது குற்றம். ஆகவே நம் தொட்டிகள் உலர்ந்த பாறையிலோ செராமிக் பாறையிலோ தொடங்குகின்றன, அவற்றில் கோப்பிபாட் தானாக வந்து சேர்வதில்லை. நாமே விதைத்து, சம்ப்பில் (தொட்டியோடு இணைந்த துணைத்தொட்டியில்) கீட்டோ என்னும் நார்ப்பாசியுடன் ஒரு ரெஃப்யூஜியம் (மீன் நுழையாமல் கோப்பிபாட் பெருகும் ஒதுக்கிடம்) வைத்து, ஆறு மாதமாவது காத்திருக்க வேண்டும். தொட்டியும் சிறியதாக இருந்தால் போதாது. வெறும் கோப்பிபாட்டை மட்டும் நம்பும் ஒரு மீனுக்கு 280 லிட்டர் என்பதே நான் ஏற்கும் குறைந்த அளவு. விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்தால், கண்ணாடியெங்கும் வெள்ளைப் புள்ளிகள் ஊர்ந்துகொண்டிருக்க வேண்டும். தேடிக் கண்டுபிடிக்கும் அளவில்தான் புள்ளிகள் இருக்கின்றன என்றால் மீன் வாங்கும் நேரம் இன்னும் வரவில்லை.

எந்தக் கோப்பிபாட் என்பதில் வேலூருக்கும் குளிர்நாட்டுக்கும் வேறுபாடு பெரிது. செந்நிற டைக்ரியோபஸ் என்னும் வகை பெரியது, நீந்தும், மீனின் கண்ணில் உடனே படும்; ஆனால் குளிர்ந்த கரையோரக் குட்டைகளின் உயிரி, வெதுவெதுப்பான தொட்டியில் பெருகத் தயங்கும். டிஸ்பி என்னும் வகை சிறியது, பாறை இடுக்கிலேயே ஒட்டி வாழும், 27, 28 டிகிரியில் நன்றாகப் பெருகும். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் நான் தயக்கமின்றி டிஸ்பியையே தேர்ந்தெடுப்பேன். சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) வைத்திருப்பவர்களும் மின்வெட்டை மறந்துவிடக் கூடாது. ஒரு மே மாதப் பிற்பகலில் நான்கு மணி நேரம் மின்சாரம் இல்லாமல், மாடிப்படி அடியில் வைத்திருந்த என் இரண்டு கோப்பிபாட் வளர்ப்பு பாட்டில்களும் காற்றோட்டமின்றி நாறிப்போயின. அன்றிலிருந்து ஒரு பாட்டில் கீழே, ஒரு பாட்டில் பேட்டரி ஏர் பம்ப்புடன் வேறு அறையில்.

இரண்டாவது வழி, ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றிறாலின் முட்டையைத் தினமும் பொரித்துக் குஞ்சுகளைக் கொடுப்பது. 28 டிகிரி உப்புநீரில் காற்று விட்டால் 24 மணி நேரத்துக்குள் பொரிந்துவிடும்; இதற்கு மட்டும் நம் ஊர் வெப்பம் கைகொடுக்கிறது. அசைவதால், புதிதாக வந்த மாண்டரின்கூடப் பெரும்பாலும் கொத்திப் பார்க்கும். குறை என்னவென்றால், பொரிந்த குஞ்சு தன் மஞ்சள் கருவைச் சில மணி நேரத்திலேயே கரைத்துவிடுவதால், காலையில் பொரிந்ததை மாலையில் போட்டால் மீனுக்குச் சத்து குறைவாகவே கிடைக்கும். பாசிநீரில் ஊறவிட்டுக் கொடுத்தாலும் இதை மட்டுமே உணவாக்குவது சரியன்று.

மூன்றாவது வழி, உறைந்த மைசிஸ் (இறால் போன்ற சிற்றுயிரி), மீன்முட்டை போன்றவற்றுக்குப் பழக்குவது. சிறு வாயுள்ள ஊறுகாய் பாட்டிலைப் படுக்கவைத்து, உள்ளே சிரிஞ்சால் இரையை விட்டு, முதலில் உயிருள்ள ஆர்ட்டீமியாவுடன் கலந்து, பிறகு கலப்பைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். வேகமாகத் தின்னும் மீன்கள் பாட்டிலுக்குள் நுழையத் தயங்கும். மாண்டரின் நிதானமாக உள்ளே போய் உட்கார்ந்து கொத்தும். பழகிய மீனை மின்வெட்டோ வளர்ப்புச் சரிவோ எளிதில் கொல்லாது என்பது இதன் பெரும்பலம். ஆனால் பழகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. என் இரண்டாவது மீன் மூன்று வாரத்தில் பழகியது, நண்பர் ஒருவருடையது இன்றுவரை உறைந்த இரையைத் தொடவில்லை. தொட்டியில் பிறந்து வளர்ந்த மாண்டரின் கிடைத்தால் விலை கூடுதலானாலும் அதையே வாங்குங்கள். இந்தப் பயிற்சி பாதி முடிந்தே வரும்.

என் தீர்ப்பு இதுதான்: டிஸ்பி அடித்தளம், ஆர்ட்டீமியா முதல் மாதத்துக்கான பாலம், உறைந்த இரை காப்பீடு. ஒன்றைத்தான் செய்ய முடியும் என்பவர் முதலாவதைச் செய்யட்டும், அதையும் செய்ய முடியாதவர் இந்த மீனை விட்டுவிடட்டும்.

ஜோடி சேர்ப்பதில் முதல் வேலை ஆண், பெண் அடையாளம். ஆணுக்கு முதல் முதுகுத்துடுப்பின் முன்முள் நீண்டு நிற்கும், உடலும் பெரிது. துடுப்பு மடங்கியிருக்கும்போது பார்த்து முடிவு செய்யாதீர்கள், முள் முறிந்த ஆணைப் பெண் என்று நம்பி வாங்கியவர்கள் உண்டு. இரண்டு ஆண்கள் ஒரே தொட்டியில் சேர்ந்தால், ஒன்று இறக்கும்வரைகூடச் சண்டை போகும்.

இரண்டையும் ஒரே நாளில் விடுவதா, ஒன்றன்பின் ஒன்றாகவா? ஒரே நாளில் விட்டால் எல்லைச் சண்டை குறைவு என்பது உண்மை. ஆனால் ஒரே நாளில் இரை தேவை இரட்டிப்பாகிறது, புதிய தொட்டி அதைத் தாங்குவதில்லை. நான் பெண்ணை முதலில் விட்டு, அதன் வயிறு மூன்று மாதம் உருண்டையாகவே இருப்பதை உறுதி செய்துகொண்டு, பிறகு ஆணைத் துளையிட்ட பெட்டியில் ஒரு வாரம் தொட்டிக்குள்ளேயே வைத்திருந்து திறந்துவிட்டேன். முதலில் ஆண் இருந்து பின்னால் பெண் வருவதைவிட இது அமைதியாக நடந்தது.

திறந்துவிட்ட பதினொன்றாம் நாள், விளக்கு மங்கும் நேரத்தில், பெண் ஆணின் இடுப்புத் துடுப்பின் மேல் சாய்ந்துகொள்ள, வயிறும் வயிறும் ஒட்டியபடி இரண்டும் மெல்ல மேலெழுந்தன. நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே ஒரு கணம் நின்று, முட்டைகளை நீரில் விட்டு, சட்டென்று பிரிந்து பாறைக்குள் போய்விட்டன.