கனெக்ஷன் எரர் வந்தால் எது கைகொடுக்கும்? பைத்தானுக்கான மூன்று மைஎஸ்க்யூஎல் டிரைவர்கள்

பைத்தான் ப்ரோகிராமிலிருந்து மைஎஸ்க்யூஎல் சர்வரோடு பேச மூன்று டிரைவர்கள் (இடையில் நின்று பேசும் லைப்ரரிகள்) பரவலாகப் புழக்கத்தில் இருக்கின்றன. சி மொழி லைப்ரரியின் மேல் கட்டிய மைஎஸ்க்யூஎல்கிளையன்ட், முழுக்க முழுக்கப் பைத்தானிலேயே எழுதிய பைமைஎஸ்க்யூஎல், ஆரக்கிள் நிறுவனமே வெளியிடும் மைஎஸ்க்யூஎல் கனெக்டர். சுருக்கமாகக் கிளையன்ட், பைமை, கனெக்டர் என்று வைத்துக்கொள்வோம். புதிதாக ஒரு ப்ராஜெக்ட் தொடங்கினால் நான் பைமையைத்தான் எடுக்கிறேன். கனெக்ஷன் கிடைக்காமல் ப்ரோகிராம் விழும்போது, கோளாறு எந்த இடத்தில் என்று சீக்கிரம் காட்டிக்கொடுப்பது அதுதான்.

வேகத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. லட்சக்கணக்கான வரிசைகளை ஒரே க்வெரியில் இழுத்தால் கிளையன்ட் முந்தும். சி மொழியில் ஓடுவதால் அது இயல்பு. ஒரு பக்கத்துக்கு ஐம்பது வரிசை எடுக்கும் சாதாரண வெப் அப்ளிகேஷனில் நேரம் போவது நெட்வொர்க்கிலும், இண்டெக்ஸ் இல்லாத டேபிளிலும்தான். லைசென்ஸைப் பொறுத்தவரை பைமை எம்ஐடி, மற்ற இரண்டும் ஜிபிஎல் 2. அப்ளிகேஷனை அடுத்தவருக்கு விற்பவர்களும் விநியோகிப்பவர்களும் மட்டும் இதைக் கவனித்தால் போதும்.

நிறுவும்போதே சிக்கல் ஆரம்பித்துவிடுகிறது. கிளையன்டுக்கு லினக்ஸில் தயார்நிலை வீல் (முன்பே கம்பைல் செய்த பேக்கேஜ்) கிடையாது. பிப் (பைத்தான் பேக்கேஜ் நிறுவும் டூல்) கட்டளை கொடுத்ததும் அது உங்கள் மெஷினிலேயே கம்பைல் ஆகும். உபுண்டுவிலும் டெபியனிலும் சி கம்பைலர், பைத்தானின் டெவ் பேக்கேஜ், மைஎஸ்க்யூஎல் லைப்ரரியின் டெவ் பேக்கேஜ், பிகேஜி-கான்ஃபிக் நான்கும் முன்கூட்டியே இருக்க வேண்டும். ப்ரோகிராமைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டியில் ஓட்டும் டாக்கரில் இன்னொரு பொறி இருக்கிறது. இரண்டு கட்டமாக இமேஜ் கட்டுபவர்கள் முதல் கட்டத்தில் கம்பைல் செய்துவிட்டு, இரண்டாம் கட்டத்துக்குப் பைத்தான் பேக்கேஜை மட்டும் காப்பி செய்வார்கள். பில்ட் பச்சையாக முடியும். இம்போர்ட் வரியிலேயே ஷேர்டு லைப்ரரி கிடைக்கவில்லை என்று ப்ரோகிராம் நின்றுவிடும். இதை டேட்டாபேஸ் எரர் என்று நினைத்து பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. ப்ரோகிராம் சர்வர் பக்கமே போயிருக்காது.

கனெக்டருக்குக் கம்பைல் தொல்லை இல்லை. ஆனால் பெயரில் ஒரு கண்ணி இருக்கிறது. பைத்தான் பேக்கேஜ் கிடங்கான பைபிஐயில் ‘மைஎஸ்க்யூஎல்-கனெக்டர்’ என்று ஒரு பழைய பேக்கேஜும், ‘மைஎஸ்க்யூஎல்-கனெக்டர்-பைத்தான்’ என்று உண்மையான பேக்கேஜும் உள்ளன. இரண்டுக்கும் இம்போர்ட் வரி ஒன்றேதான். பழையதை நிறுவிவிட்டால், ‘கேச்சிங் ஷா2 பாஸ்வேர்ட்’ என்ற ஆதென்டிகேஷன் முறை எனக்குத் தெரியாது என்று எரர் கொடுக்கும். 2018-இல் வந்த மைஎஸ்க்யூஎல் 8.0-இலிருந்து அதுதான் இயல்புநிலை முறை. இதற்கு இணையத்தில் கிடைக்கும் பிரபலமான மருந்து, யூசரைப் பழைய ‘நேட்டிவ் பாஸ்வேர்ட்’ முறைக்கு மாற்றிவிடு என்பது. அதைச் செய்யாதீர்கள். 8.4 பதிப்பில் அந்த முறை அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது; 9.0-இல் எடுத்தே விட்டார்கள். பழைய பேக்கேஜை அன்இன்ஸ்டால் செய்து சரியான பெயரில் நிறுவுவதுதான் வழி.

பைமை எந்த மெஷினிலும் ஒரே கட்டளையில் ஏறிவிடும். அதற்கும் ஒரு குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. அதே கேச்சிங் ஷா2 முறைக்கு, டிஎல்எஸ் (மறைகுறியாக்கம்) இல்லாத டிசிபி கனெக்ஷனில், ‘கிரிப்டோகிராஃபி’ என்ற பேக்கேஜும் தேவை. இது எப்போது தேவைப்படும் என்பதில்தான் வில்லங்கம். சர்வர் ஒருமுறை முழுச் சோதனை நடத்தி ஒரு யூசரை ஏற்றுக்கொண்டால், அந்தத் தகவலை மெமரியில் வைத்துக்கொள்கிறது. அடுத்தடுத்த லாகின்கள் குறுக்குவழியில் போகும். அதற்கு அந்தப் பேக்கேஜ் வேண்டாம். அதே யூசராக வேறொரு டூலில் யாராவது முன்பே நுழைந்திருந்தால் உங்கள் ப்ரோகிராமும் ஒழுங்காக ஓடும். மெயின்டனன்ஸுக்காக மைஎஸ்க்யூஎல்லை ரீஸ்டார்ட் செய்த நிமிடம் அந்த மெமரி அழிந்து, ஒரு வரி கோட்கூட மாறாத ப்ரோகிராம் படுத்துவிடும். ஆகவே பைமையை நிறுவும் அதே ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைலில் கிரிப்டோகிராஃபியையும் எழுதிவிடுங்கள்.

இனி முக்கியமான விஷயம். கனெக்ஷன் எரரில் முதல் கேள்வி, நம் ப்ரோகிராம் சர்வரைத் தொட்டதா இல்லையா என்பது. தொடவே இல்லை என்றால் எரர் எண் பெரும்பாலும் 2003. பைமை இந்த எண்ணோடு நிற்பதில்லை. ஆபரேட்டிங் சிஸ்டம் சொன்ன காரணத்தை வார்த்தையாகவே அடைப்புக்குள் கொடுக்கும். ‘கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு’, எண் 111 என்றால் மெஷின் இருக்கிறது, அந்தப் போர்ட்டில் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. மைஎஸ்க்யூஎல் ஓடவில்லை, அல்லது அதன் பைண்ட்-அட்ரஸ் (கேட்கும் முகவரி) 127.0.0.1, அதாவது அதே மெஷின் மட்டும், என்று இருக்கிறது. உபுண்டு பேக்கேஜில் அதுதான் இயல்புநிலை. ‘டைம்டு அவுட்’ என்றால் பாக்கெட் போனது, பதிலே வரவில்லை. ஃபயர்வால், க்ளவுடின் செக்யூரிட்டி க்ரூப், தவறான ஐபி மூன்றில் ஒன்று. ‘நேம் ஆர் சர்வீஸ் நாட் நோன்’ என்றால் ஹோஸ்ட் பெயரே ஐபியாக மாறவில்லை. டாக்கர் கம்போஸில் சர்வீஸ் பெயரைப் பிழையாக எழுதியிருப்பீர்கள், அல்லது இரண்டு கன்டெய்னரும் வேறு வேறு நெட்வொர்க்கில் இருக்கும்.

கிளையன்ட் இந்த மூன்றில் முதல் இரண்டுக்கும் எண்ணை மட்டும் அடைப்பில் தரும், 111 அல்லது 110 என்று. பெயர் சிக்கலுக்கு 2005 என்று தனி எண் தருகிறது. அது நல்ல விஷயம். ஆனால் காலக்கெடுவில்தான் பெரிய வித்தியாசம். பைமையில் கனெக்ட் டைம்அவுட் நீங்கள் எதுவும் கொடுக்காவிட்டாலும் 10 வினாடி. கிளையன்டில் நீங்களாகக் கொடுக்காவிட்டால் லினக்ஸின் சொந்தக் கெடு வரை காத்திருக்கும். வழக்கமான அமைப்பில் அது 2 நிமிடத்துக்கும் மேல். காத்திருக்கும்போது வெப் சர்வரின் வொர்க்கர் (வேலை செய்யும் ப்ராசஸ்) ஒன்று சும்மா நிற்கும், குனிகார்ன் என்ற பைத்தான் வெப் சர்வர் அதன் 30 வினாடி கெடுவில் அந்த வொர்க்கரைக் கொன்றுவிடும். லாகில் மிஞ்சுவது ‘வொர்க்கர் டைம்அவுட்’ என்ற வரி மட்டும். டேட்டாபேஸ் என்ற சொல்லே அங்கே இருக்காது. கிளையன்டை வைத்திருப்பவர்கள் கனெக்ட் டைம்அவுட்டை 5 அல்லது 10 என்று கட்டாயம் எழுதுங்கள்.

பைமையில் படிக்கும் கெடு, அதாவது ரீட் டைம்அவுட், இயல்பாக இல்லை. கனெக்ஷன் கிடைத்தபின் நடுவில் இருக்கும் ரூட்டர் சத்தமில்லாமல் அறுத்துவிட்டால் ப்ரோகிராம் பதிலுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். 30 வினாடி கொடுக்கலாம். கொடுத்தால், ஒரு நிமிடம் ஓடும் ரிப்போர்ட் க்வெரி 2013 எண்ணோடு விழும். அந்த வேலைகளுக்குத் தனி கனெக்ஷன் திறந்து நீண்ட கெடு கொடுங்கள். கெடு தாண்டி விழுந்த கனெக்ஷனைப் பைமை மூடிவிடும். அதையே எடுத்து மறுபடி க்வெரி அனுப்பினால் எண் 0, செய்தி காலி என்று ஒரு இன்டர்ஃபேஸ் எரர் வரும். பைமையிலேயே பயனற்ற செய்தி இது ஒன்றுதான். மூடிய கனெக்ஷனைத் தொட்டிருக்கிறீர்கள் என்பதே அதன் பொருள். உண்மையான காரணம் லாகில் அதற்கு முந்தைய எரரில் இருக்கும்.

லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதுவதிலும் கிளையன்டும் பைமையும் வேறுபடும். கிளையன்டுக்கு லோக்கல்ஹோஸ்ட் என்றால் யூனிக்ஸ் சாக்கெட் ஃபைல், அதாவது அதே மெஷினுக்குள் பேசும் வழி. போர்ட் 3307 என்று கொடுத்திருந்தாலும் அதைக் கண்டுகொள்ளாமல் சாக்கெட்டைத் தேடி, இல்லாவிட்டால் 2002 கொடுக்கும். மைஎஸ்க்யூஎல் டாக்கரில் ஓடி, ப்ரோகிராம் வெளியே ஓடினால் இது தவறாமல் நடக்கும், 127.0.0.1 என்று மாற்றினால் தீரும். பைமைக்கு லோக்கல்ஹோஸ்ட் என்றால் டிசிபிதான், சாக்கெட் வேண்டுமென்றால் நீங்கள்தான் பாதையைக் கொடுக்க வேண்டும். இதற்கு மறுபக்கமும் உண்டு. உபுண்டுவில் ரூட் யூசர் பாஸ்வேர்டால் அல்ல, சாக்கெட் வழியாக லினக்ஸ் யூசரை வைத்தே நுழைகிறார். பைமையில் ரூட்டாக நுழையப் பார்த்தால் 1698 (அனுமதி மறுப்பு) வரும். அப்ளிகேஷனுக்குத் தனி யூசர் உருவாக்குவதே சரி; ரூட்டின் ஆதென்டிகேஷனை மாற்றப் போகாதீர்கள்.

எந்த டிரைவராக இருந்தாலும், சந்தேகம் தீர டிரைவரையே ஒதுக்கிவிட்டுப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. மைஎஸ்க்யூஎல் ப்ரோட்டோகாலில் முதலில் பேசுவது சர்வர்தான். பைத்தானின் சாக்கெட் மாட்யூலால் ஹோஸ்டுக்கும் 3306-க்கும் 5 வினாடி கெடுவோடு கனெக்ஷன் திறந்து, 100 பைட் படித்து அச்சிடுங்கள். அந்தக் குப்பை எழுத்துகளுக்கு நடுவே 8.0.36 போல சர்வரின் பதிப்பு எண் தெரிந்தால் நெட்வொர்க் சரி. இனி பார்க்க வேண்டியது யூசர், பாஸ்வேர்ட், டிஎல்எஸ். இதை லூப்பில் போட்டு நூறு முறை ஓட்டாதீர்கள். கைகுலுக்காமல் அறுந்த கனெக்ஷன்களை சர்வர் எண்ணிக்கொண்டிருக்கிறது. தொடர்ச்சியாக 100 ஆனதும் அந்த ஹோஸ்டையே 1129 என்று தடுத்துவிடும். லோட் பேலன்சரின் வெறும் டிசிபி ஹெல்த் செக்காலும் இதே தடை விழும். ஹோஸ்ட் கேச் டேபிளை ட்ரங்கேட் செய்தால், அதாவது காலியாக்கினால், நீங்கும்.

கனெக்டருக்குத் திரும்பினால், அதன் பலம் உள்ளேயே இருக்கும் பூல், அதாவது திறந்தே வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் கனெக்ஷன் தொகுப்பு. இயல்பாக 5 கனெக்ஷன், அதிகபட்சம் 32. கொடுக்கும் முன் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் புதுப்பித்தே கொடுக்கும். பூல் காலியானால் காத்திருக்காமல் உடனே எரர் எறியும். க்ளோஸ் செய்ய மறந்த இடங்கள் அன்றே வெளிவந்துவிடும் என்பதால் எனக்கு அது பிடிக்கும். பிடிக்காதது, அதற்குள் சி வடிவம், பைத்தான் வடிவம் என இரண்டு இருப்பது. ஒரே 2003 எரர் ஒரு வடிவத்தில் டேட்டாபேஸ் எரர் வகுப்பாகவும், இன்னொன்றில் இன்டர்ஃபேஸ் எரர் வகுப்பாகவும் வந்திருக்கிறது. எக்செப்ட் வரியில் வகுப்புப் பெயரை நம்பாமல் எண்ணைப் பார்ப்பது நல்லது.

பைமைக்குப் பூல் கிடையாது. எஸ்க்யூஎல்ஆல்கெமி என்ற டேட்டாபேஸ் லைப்ரரியோடு சேர்த்தால் அந்தக் குறை தீரும். யுஆர்எல்லில் வெறும் மைஎஸ்க்யூஎல் என்று தொடங்கினால் அது கிளையன்டைத் தேடி ‘மைஎஸ்க்யூஎல்டிபி மாட்யூல் இல்லை’ என்று விழும். கூட்டல் குறி போட்டுப் பைமைஎஸ்க்யூஎல் என்று எழுத வேண்டும். பாஸ்வேர்டில் @ இருந்தால் அதை என்கோட் செய்யாவிட்டால் ஹோஸ்ட் பெயர் பிய்ந்துவிடும். எடுக்கும் முன் கனெக்ஷனைச் சோதிக்கும் ப்ரீ பிங் அமைப்பை ட்ரூ ஆக்குங்கள். மைஎஸ்க்யூஎல் இயல்பாக 28800 வினாடி, அதாவது 8 மணி நேரம், சும்மா இருக்கும் கனெக்ஷனை அறுக்கும். காலையில் முதலில் வருபவருக்கு மட்டும் 2006 அல்லது 2013 வருவது இதனால்தான். 8.0.24-இலிருந்து சர்வரே 4031 என்று காரணத்தை எழுதி அனுப்புகிறது. அமேசான் க்ளவுடின் நாட் கேட்வே (வெளி நெட்வொர்க்குக்கான வாசல்) நடுவில் இருந்தால் கெடு 350 வினாடிதான். அங்கே ரீசைக்கிளை (பழைய கனெக்ஷனைப் புதுப்பிக்கும் கெடு) 300 என்று வையுங்கள்.

எண்ணிக்கையையும் கணக்குப் போடுங்கள். எஸ்க்யூஎல்ஆல்கெமி ஒரு ப்ராசஸுக்கு 5, நெருக்கடியில் கூடுதலாக 10, ஆக 15 வரை திறக்கும். 4 வொர்க்கர் என்றால் 60. அப்படி மூன்று மெஷின் என்றால் 180. மைஎஸ்க்யூஎல்லின் இயல்பு வரம்பு 151. கூட்டம் வரும் நாளில் 1040 (கனெக்ஷன் வரம்பு தாண்டியது) வரும், எந்த டிரைவரும் அதைத் தடுக்காது.

ஜாங்கோ என்ற வெப் ஃப்ரேம்வொர்க் மட்டும் விதிவிலக்கு. அதன் ஆவணமே கிளையன்டைத்தான் பரிந்துரைக்கிறது. பைமையைக் கிளையன்ட் வேடத்தில் நுழைக்க ஒரு குறுக்குவழி உண்டு. ஆனால் ஜாங்கோ பதிப்பு எண்ணைச் சோதிப்பதால் அப்டேட்டுக்கு அப்டேட் உடையலாம். ஜாங்கோவில் கிளையன்ட்டையே வைத்து, மேலே சொன்ன டைம்அவுட்டை ஆப்ஷன்ஸில் எழுதிவிடுங்கள். விண்டோஸ் சர்வரில் இவற்றை நீண்ட நாள் ஓட்டிய அனுபவம் எனக்குக் குறைவு. இங்கே சொன்ன காலக்கெடுவும் சாக்கெட் நடத்தையும் லினக்ஸுக்கு உரியவை.

ஏற்கனவே ஓடும் ப்ரோகிராமைப் பைமைக்கு மாற்றுவதென்றால், கனெக்ட் வரியை முதலில் பாருங்கள். 1.0 பதிப்பிலிருந்து ஹோஸ்ட், யூசர், பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் பெயரிட்டுத்தான் கொடுக்க வேண்டும். வரிசைப்படி கொடுத்த பழைய வரிகள் டைப் எரரில் நிற்கும். அடுத்து, த்ரெட்களுக்கிடையே ஒரே கனெக்ஷனைப் பகிரும் இடங்கள். கிளையன்டில் 2014 (கட்டளைகள் வரிசை தவறின) என்று வந்த அதே தவறு, பைமையில் ‘பாக்கெட் சீக்வென்ஸ் நம்பர் ராங்’ என்று வரும். நெட்வொர்க் கோளாறு போலத் தோன்றும். த்ரெட்டுக்கு ஒரு கனெக்ஷன் கொடுத்தால் போய்விடும்.