கிரேக்கப் புராண கார்டு பாக்ஸ், 450 ரூபாய்க்கு வாங்கலாமா?

கிருஷ்ணகிரி ரவுண்டானாகிட்ட ஒரு ஸ்டேஷனரி கடைல பார்த்து வாங்கினது. 60 கார்டு, ஒரு பக்கம் படம், பின்னாடி தமிழ்ல குட்டிக் கதை, அதுக்குக் கீழ "இன்னைக்கு இது எங்க இருக்கு"ன்னு ஒரு கட்டம். ஒருத்தர் அந்தக் கட்டத்த மட்டும் படிக்கணும், மத்தவங்க எந்தச் சாமி, எந்த வீரன்னு சொல்லணும், அவ்ளோதான் ஆட்டம். சீட்டுக்கட்டு மாதிரி வழவழன்னு இருக்கும்னு நெனச்சா கல்யாணப் பத்திரிகை அட்டை தான், ஓரம் இப்பவே பிரிய ஆரம்பிச்சிருச்சு, பெட்டி மூடியும் லூசு. 450 ரூபாய்க்கு இது கம்மி தரம்தான்.

ஆனா உள்ள இருக்கற சரக்கு நல்லா இருக்கு. பசங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச பேர்லேருந்து ஆரம்பிக்கறாங்க. அப்பல்லோ, நைக்கி, ஹெர்குலஸ் சைக்கிள், அட்லஸ் புக்கு, எக்கோ. எக்கோவ எங்க பையன் நொடில புடிச்சிட்டான், ஏன்னா திருவிழாவுல மைக் செட் அண்ணன் "எக்கோ கொஞ்சம் ஏத்துங்க"ன்னு சொன்னதும் திருகற பட்டன் அவனுக்குத் தெரியும். தேவராணி ஹீரா சாபம் விட்டதுல சொந்தமா ஒரு வார்த்தை பேச முடியாம, அடுத்தவங்க பேசினதோட கடைசியை மட்டும் திருப்பிச் சொல்ற பொண்ணு அவ. தாத்தாக்கு ஹார்ட்டுக்கு எடுத்தாங்களே அந்த எக்கோ டெஸ்ட்டும் இவ பேரு தானான்னு கேட்டான். அதுவும் தான்டா, உள்ள அனுப்பற சத்தம் இதயத்துல பட்டுத் திரும்பி வர்றத வச்சுதான் படமே எடுக்கறாங்கன்னு சொன்னேன்.

அக்கிலிஸ் கார்டு வந்தப்பதான் வீடே கலகலன்னு ஆச்சு. எந்த ஆயுதமும் உடம்ப துளைக்கக்கூடாதுன்னு அம்மாக்காரி புள்ளைய பாதாளத்து ஸ்டிக்ஸ் நதில முக்கி எடுக்கறா, புடிச்சிருந்த குதிகால் மட்டும் நனையல, அங்க அம்பு பட்டு சாவான். டாக்டருங்க இன்னைக்கும் கெண்டைக்காலையும் குதிகாலையும் சேர்க்கற தசைநாருக்கு அவன் பேரத்தான் சொல்றாங்க. படிச்சு முடிக்கல, பையன் "அப்பா, இது துரியோதனன் தொடைப்பா!"ங்கறான். நம்ம பக்கம் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து பார்த்து வளர்ற புள்ள, படுகளத்தன்னைக்கு மண்ணுல அவ்ளோ பெருசா துரியோதனன படுக்க வச்சு பீமன் வேஷக்காரர் தொடைல அடிக்கறத நேர்ல பார்த்தவன், வேற எப்படிச் சொல்லுவான். காந்தாரி கண்ணக் கட்டின துணியை அவுத்துப் பார்த்தா, பார்வை பட்ட எடமெல்லாம் வஜ்ரமாச்சு, துணி மறைச்ச தொடை மட்டும் தப்பிருச்சுங்கற கதை தான அது.

இங்கதான் கார்டு சறுக்குது. நதில முக்கின கதை ஹோமரோட இலியட்ல வர்ற மாதிரி போட்டிருக்காங்க. இலியட்ல அது கிடையாது, அதுல அக்கிலிஸ் சாகறதே கிடையாது, டிராய் இளவரசன் ஹெக்டரோட ஈமச்சடங்கோட காவியம் முடிஞ்சிரும். குதிகால் கதை நமக்குக் கிடைக்கறது கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானியக் கவிஞர் ஸ்டேஷியஸ் கிட்ட. காந்தாரி பார்வைக் கதையும் அதே கேஸ் தான, வியாசர்ல இல்ல, ஆனா ஊர்ல எல்லாருக்கும் அதுதான் தெரியும். மக்களுக்குப் புடிச்ச கதை மூலத்தையே ஓரங்கட்டிரும்னு அந்தக் கார்டுல ஒரு வரி போட்டிருந்தா எவ்ளோ அழகா இருந்திருக்கும், விட்டுட்டாங்க.

அட்லஸ் படமும் தப்பு. தோள்ல பூமி உருண்டை வரைஞ்சிருக்காங்க, தேவராஜா ஜீயஸ் குடுத்த தண்டனை வானத்தத் தாங்கறது. பண்டோராவுக்கும் பெட்டி தான் வரைஞ்சிருக்காங்க, பழைய கிரேக்கக் கதைல அது பெரிய தாழி.

ஆனா பாம்புக் கார்டுக்கு முழு மார்க் குடுப்பேன். கோல்ல ஒத்தப் பாம்பு சுத்தியிருந்தா அது வைத்தியக் கடவுள் அஸ்கிளிப்பியஸோடது, ரெட்டைப் பாம்பும் ரெக்கையும் இருந்தா அது ஹெர்மிஸோடது. அந்த ஹெர்மிஸ் வியாபாரிக்கும் சாமி, திருடனுக்கும் சாமி. இதப் படிச்சதுக்கப்புறம் பையன் பஸ்ல ஜன்னல் சீட்டு கேட்டு வாங்கி மெடிக்கல் ஷாப் போர்டு ஒண்ணு விடாம பார்த்துட்டு வந்தான், "அப்பா இதுவும் திருடன் சாமி"ன்னு பஸ்ஸே திரும்பிப் பார்க்கற மாதிரி கத்திட்டு.

டைட்டன் கார்டுல ஓசூர் வாட்ச் கம்பெனிய சேர்க்காம விட்டதுல எனக்கு வருத்தம். அந்தப் பேரு டாடாவுல ஆரம்பிச்சு தமிழ்நாட்டுல முடியற சுருக்கம்னு சொல்லுவாங்க, 1984ல டாடாவும் நம்ம அரசோட தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து தொடங்கினது. எழுத்துக் கோத்து வச்ச பேரா இருந்தாலும் காதுல விழறப்ப ஜீயஸுக்கு முந்தின அந்தப் பூதங்க தான ஞாபகத்துக்கு வருது, அந்த கம்பீரம் ஓசில கிடைச்சது. லேலண்ட் ஹிப்போ லாரியையும் சேர்த்திருக்கலாம். எங்க பெரியப்பா பல வருஷம் ஓட்டின வண்டி அது, ஹிப்போன்னா கிரேக்கத்துல குதிரைன்னு சொன்னா "குதிரை இவ்ளோ டீசல் குடிக்குமாடா"ங்கறாரு.

என் பெரிய புகார் வேற. இந்தப் பெட்டிய பார்த்தா கிரேக்கம் நம்ம வீட்டுக்கு இங்கிலீஷ்காரன் கையப் புடிச்சுட்டு தான் வந்துச்சுன்னு நெனச்சுக்குவீங்க. அதுக்கு ரொம்ப முன்னாடியே இங்க வந்தாச்சு. தினசரி காலண்டர்ல சுக்கிர ஓரை, குரு ஓரைன்னு போட்டிருக்கே, அந்த ஓரை கிரேக்கத்துல ஹோரா, வடமொழி வழியா இங்க வந்தது, இங்கிலீஷ் ஹவருக்கும் அதுதான் வேர். ஜாதகத்துல 1, 4, 7, 10 கேந்திரம்னு ஜோசியர் சொல்றாரே, அதுவும் கிரேக்க கென்ட்ரான். எங்க அம்மாகிட்ட இதச் சொன்னா, "எங்கேருந்து வந்தா என்னடா, ராகு காலம் முடிஞ்சிச்சான்னு பாரு"ன்னுட்டாங்க. அப்புறம் கிரேக்க, ரோமானியக்காரங்கள யவனர்னு சொல்ற சங்கப் பாட்டே இருக்கு, அகநானூறு 149ல யவனர் கப்பல் பொன்னோட வந்து மிளகோட திரும்புது.

இதெல்லாம் விடுங்க, நம்ம தகடூர், அதான் இன்னைக்கு தர்மபுரி, இருக்கே. அசோகரோட ரெண்டாவது பாறைக் கல்வெட்டுல சோழ, பாண்டிய, கேரளரோட சதியபுதோன்னு ஒரு பேரு வரும், அதே வாக்கியத்துல யவன ராஜா அந்தியோகன் பேரும் வரும். சதியபுதோ யாருன்னு ரொம்ப நாளா குழம்பிட்டு இருந்தாங்க, 1981ல திருக்கோவிலூர் பக்கத்துல ஜம்பைங்கற ஊர்ல "ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி"ன்னு தமிழி, அதாவது பழைய தமிழ் பிராமி எழுத்துக் கல்வெட்டு கிடைச்சதும் விஷயம் முடிஞ்சது, அது நம்ம அதியமான் வம்சம். கிரேக்க ராஜாவும் தகடூர் வம்சமும் ஒரே வரில நிக்கறாங்க, அத வச்சே ஒரு கார்டு போட்டிருக்கலாம். ஈயோஸ் கார்டு வேற உள்ள இருக்கு. விடியலோட தேவதை, காதலன் டித்தோனஸுக்கு சாவே வரக்கூடாதுன்னு வரம் வாங்கிட்டு இளமைய கேக்க மறந்துட்டா, அவன் கெழடு தட்டிச் சுருங்கி கடைசில சில்வண்டா போனான். ஔவைக்கு நெல்லிக்கனி குடுத்த ஊர்ல இந்தக் கதைய படிக்கறப்ப பக்கத்துலயே அத வச்சுப் பேசாம இருக்க முடியுமா, நாங்க ராத்திரி சாப்பாடு ஆறிப் போற வரைக்கும் பேசினோம்.

தமிழ் நடை அங்கங்க முறுக்கா இருக்கு, பேருங்க ஒரு கார்டுல ஹெர்குலஸ், இன்னொண்ணுல ஹெராக்கிளீஸ், மொதல்து ரோமானியப் பேருன்னு சொல்லவே இல்ல. எட்டு வயசுக்கு மேல இருக்கற பசங்களுக்கு ஓகே, அதுக்குக் கீழ வேணாம், கதைங்க கொஞ்சம் ரத்தக்களறி. 5க்கு மூணரை குடுப்பேன். அட்டை தரத்தச் சொல்லிப் பேரம் பேசுங்க, எனக்கு 450 சொன்ன கடைக்காரர் பின்னாடி வந்த ஒரு அக்காவுக்கு 400க்கு குடுத்தாரு.