மணற்பாறையா, பசால்ட்டா: கரியமில வாயுவை எங்கே புதைப்பது?

நிலத்தடியில் கரியமில வாயுவைப் புதைக்கும் பேச்சு வந்தாலே, "இந்தப் பாறையில் இத்தனை கோடி டன்னுக்கு இடம் இருக்கிறது" என்று ஒரு பெரிய எண்ணைத்தான் முதலில் காட்டுவார்கள். எனக்கு அந்த எண்ணில் பெரிய நம்பிக்கை இல்லை. எவ்வளவு கொள்ளும் என்பதைவிட, எவ்வளவு வேகமாக உள்வாங்கும் என்பதுதான் ஒரு பாறையின் தரத்தைச் சொல்லும்.

உப்புநீர் ஊறிய மணற்பாறைக்கு நார்வேயின் ஸ்லெய்ப்னர் என்ற கடல் எரிவாயு வயல்தான் பேர்போன உதாரணம். 1996 முதல், இயற்கை எரிவாயுவிலிருந்து பிரித்த கரியமில வாயுவை ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் அளவில், கடலடியில் உள்ள உட்சிரா என்ற பாறையடுக்குக்குள் செலுத்தி வந்தார்கள். அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நுண்துளைகள்தான். துளைகள் ஒன்றோடொன்று நன்றாக இணைந்திருப்பதால் அழுத்தம் பெரிதாக ஏறவில்லை. மேலே வாயுவைத் தடுக்கும் களிமண் பாறையும் உண்டு.

சரி, மணற்பாறை என்றாலே கவலையில்லையா? அதே நார்வேயின் ஸ்னோவிட் எரிவாயு வயலில் 2008-இல் வாயுவைச் செலுத்தத் தொடங்கினார்கள். டூபோயன் பாறையடுக்கில் அழுத்தம் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறியது. 2011-இல் வேறு அடுக்குக்கு மாற வேண்டியதாயிற்று. அல்ஜீரியாவின் இன் சாலாவில் பாறையடுக்கு வெறும் 20 மீட்டர் கனம், அதுவும் இறுகிய மணற்பாறை. வாயுவைச் செலுத்தச் செலுத்த, மேலே பாலைவனத் தரை ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்ந்ததைச் செயற்கைக்கோள் காட்டியது. 2011-இல் நிறுத்திவிட்டார்கள். அங்கே இடம் போதாமல் போகவில்லை. உள்ளே போகும் வழிதான் குறுகல்.

தீர்ந்துபோன எரிவாயு வயல்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பல லட்சம் ஆண்டுகள் வாயுவைக் காத்த மூடுபாறை அது, நம்பலாம். ஆனால் நாம் போட்ட பழைய கிணறுகளை அடைத்திருக்கும் சிமென்ட்டைத்தான் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும்.

எரிமலைக் குழம்பு இறுகி உருவான கரும்பாறைதான் பசால்ட்; அதன் கதை வேறு. ஐஸ்லாந்தின் ஹெல்லிஷெய்தியில் 2012-இல் வாயுவை நீரில் கரைத்துச் செலுத்தினார்கள். இரண்டே ஆண்டுகளுக்குள் 95 சதவீதத்துக்கும் மேல் கல்லாகிவிட்டது. பாறையின் கால்சியமும் மக்னீசியமும் வாயுவோடு சேர்ந்து கார்பனேட் என்ற திடக் கனிமமாகின்றன. கல்லானது மேலே கசியாது. மணற்பாறையில் வாயு அடர்த்தியாக இருக்க ஏறத்தாழ 800 மீட்டர் ஆழம் வேண்டும். நீரில் கரைத்துவிட்டால் அவ்வளவு ஆழம்கூடத் தேவையில்லை. ஆனால் ஒரு டன் வாயுவுக்கு ஏறத்தாழ 25 டன் நீர்! பின்னர் ஆண்டுக்குப் பத்தாயிரம் டன் அளவுக்கு விரிந்தபோதும், இந்த வேலை ஸ்லெய்ப்னரோடு ஒப்பிட்டால் நூறில் ஒரு பங்குதான்.

என் தேர்வு: உட்சிரா போன்ற மணற்பாறை கிடைத்தால் அதுவே. கிடைக்காத இடத்தில் பசால்ட். இந்தியாவில் ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டருக்குத் தக்காண பசால்ட் பரவியிருக்கிறது. குடிநீருக்கே லாரியை எதிர்பார்க்கும் மகாராஷ்டிரத்தின் மராத்வாடா பகுதியும் அதன்மேல்தான் இருக்கிறது. அதனால் நமக்கு ஐஸ்லாந்தைவிட, 2013-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து வலுலாவில் நீரே சேர்க்காமல் ஏறத்தாழ 1000 டன்னை பசால்ட்டுக்குள் செலுத்திய சோதனைதான் கூடுதல் பயன்.